மொறிஸ் மைனர் பிக்கப்புக்கு டிஸ்க் பிறேக் போடலாமா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பப்பா ஓடிய 1966ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப்பைத் திருத்தி எடுத்திருக்கிறார். மாங்குளம் – முல்லைத்தீவு வீதி நன்றாகப் போட்டபிறகு எல்லோரும் வேகமாக வருகிறார்கள். மாடு குறுக்கே வந்தால் வண்டி நேரத்துக்கு நிற்பதில்லை, மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது. ஏ9 எனும் கண்டி – யாழ்ப்பாணம் வீதியால் வவுனியாவுக்கும் போய்வருகிறார். முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் போடலாமா, எந்த வாகனத்தின் சாமான் பொருந்தும், டிஸ்க் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பது கேள்வி.

தம்பி, போடலாம். ஆனால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் தேடிப் போகமுன்னம் உங்கள் காலுக்குக் கீழே தளத்தடியில் கிடக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள், பெடல் மிதியை ஓயில் அழுத்தமாக்கிச் சில்லுகளுக்கு அனுப்புவது அதுதான். அதை மாற்றாமல் டிஸ்க் மட்டும் போட்ட மைனர்களைப் பார்த்திருக்கிறேன். நிற்கும்போது நன்றாக நிற்கும், கைவிடும்போது ஒரேயடியாகக் கைவிடும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் டிஸ்க் நமக்கு எதற்கு? மலைநாட்டில் இதற்கு ஒரே பதில்தான், சூடு. கடுகண்ணாவை இறக்கத்தில், சில்லோடு சுற்றும் டிரம் சூடேறி விரிந்து, அதை உள்ளிருந்து உரசி நிறுத்தும் லைனர் வழுக்கி, பெடல் கீழே போகும். வன்னியில் அப்படி ஓர் இறக்கம் கிடையாது. நம்முடைய தொல்லைகள் வேறு. மாரியில் வீதியை மூடி வெள்ளம் போகும்போது இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீரும் சேறும் நின்றுவிடும். அடுத்த நாலைந்து மிதியில் பிறேக்கே இருக்காது. டிஸ்க் திறந்து கிடப்பதால் ஓரிரு சுற்றில் தண்ணீரை வழித்துவிடும். அடுத்தது, பொழுதுபடுகிற நேரம் வீதியில் ஏறும் மாடுகள். நெடுங்கேணிப் பக்கம் என்றால் யானையும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. மைனரின் முன் டிரம்மில் லைனர் ஒட்டிய இரண்டு சூவும் முன்னோக்கி ஓடும்போது தானாக இழுபட்டு இறுகும்படி வைத்திருக்கிறார்கள். பின்னோக்கி உருளும்போது அந்த உதவி அப்படியே இல்லாமல் போய்விடும். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் பாரத்தோடு ஏறும்போது எஞ்சின் நின்று வண்டி பின்னால் உருண்டால், முழு மிதிக்கும் அது வழுக்குவதன் காரணம் இதுதான். டிஸ்க்குக்கு முன்னும் பின்னும் ஒன்றே.

சரி, கணக்கையும் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றரில் நீங்கள் விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடுகிறீர்கள். மாட்டைக் கண்டு கால் பெடலுக்குப் போக ஒரு விநாடி என்றால் அந்த 17 மீற்றர் போய்விட்டது. அதற்குப் பிறகு, பழுதான டிரம் புவியீர்ப்பில் 0.4 பங்கு வேகக்குறைப்புத் தருகிறது என்று வையுங்கள், நிற்க இன்னும் 35 மீற்றர் வேண்டும். அது 0.6 ஆனால் 24 மீற்றர் போதும். 11 மீற்றர் வித்தியாசம், அதாவது மூன்று பிக்கப் நீளம்.

ஆனால் அந்த 0.6 டிஸ்க்கால் மட்டும் வருவதில்லை. நல்ல நிலையில் இருக்கும் 8 அங்குல முன் டிரம்மும் வறண்ட வீதியில் அதைத் தரும். உங்கள் 1966 வண்டிக்கு 1098 சிசி எஞ்சினும் முன்னால் 8 அங்குல டிரம்மும் இருக்க வேண்டும். 1962இல் அந்த எஞ்சின் வந்தபோது டிரம்மையும் பெரிதாக்கினார்கள், அதற்கு முன் 7 அங்குலம். போர்க்காலத்தில் கிடைத்ததைக் கிடைத்ததோடு பூட்டி ஓடிய வண்டிகள் இவை, ஆகவே கழற்றி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 7, மறுபக்கம் 8 என்று பூட்டிய ஒரு மைனர் என் கராஜுக்கே வந்திருக்கிறது. அதன் சொந்தக்காரரும் உங்களைப் போல ஒரு பக்கம் இழுக்கிறது என்றுதான் சொன்னார்.

ஒரு பக்கம் இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் சூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் இரண்டு அட்ஜஸ்டர் இருக்கின்றன, சூ ஒன்றுக்கு ஒன்று. டிரம் துளையால் ஸ்குரூடிரைவர் விட்டு ஒன்றைத் திருகியதும் சில்லு இறுகிவிடும், வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். டிரம்மைச் சுற்றி மற்றதையும் தேட வேண்டும். பின் சில்லுக்கு ஒன்றுதான். அதையும் பார்த்து, பின் அச்சின் சீல் கசிந்து லைனரில் ஓயில் ஊறியிருந்தால் அந்த லைனரை எறியுங்கள், பெற்றோலில் கழுவிப் பூட்ட வேண்டாம். டிரம்மை லேத்தில் வட்டம் பிடிக்கக் கொடுத்து, வீல் சிலிண்டர் கப்புகளை மாற்றுங்கள். மணிக்கு 50க்கு மேல் போகாமல் தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடுகிற வண்டிக்கு இவ்வளவும் செய்தாலே போதும் என்பது என் எண்ணம். நீங்கள் ஏ9 வீதியால் வவுனியா போய்வருகிறீர்கள் என்பதால் மேலே சொல்கிறேன்.

இப்போது மாஸ்டர் சிலிண்டர். 2002இல் ஏ9 திறந்து, பல வருடம் முடங்கிக் கிடந்த வண்டிகளெல்லாம் வீதிக்கு வந்த காலம். வாடிக்கையாளர் ஒருவரின் மைனர் பிக்கப்பை முழுக்கத் திருத்தி, நானே ஓடிப் பார்க்கப் புறப்பட்டேன். முன் பிறேக் எல்லாம் புதிது. பின் அச்சோடு ஓடும் குழாயை மட்டும் துடைத்துப் பார்த்துவிட்டு, கிடக்கட்டும் என்று விட்டேன். மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் மாட்டுப் பட்டி ஒன்று வீதியில் ஏறியது. மிதித்தேன். பெடல் ஒருமுறை பிடித்தது, பிறகு தளத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. துருப்பிடித்த அந்தப் பின் குழாய் வெடித்து, முன் சில்லுக்கு நான் போட்ட புதுச் சாமானெல்லாம் அந்த நொடியில் வீணாயிற்று. கைப்பிறேக்கை இழுத்து, மணலில் இறக்கி, ஒரு வீரை மரத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்றேன். பக்கத்து இருக்கையில் என் மகன் இருந்தான். இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பெடல் கீழே போன உணர்வு என் பாதத்தில் இருக்கிறது.

மைனருக்கு ஒரே ஒரு ஓயில் சுற்று. நாலு சில்லும் ஒரே மாஸ்டர் சிலிண்டரில் தொங்குகின்றன, எங்கே ஓட்டை விழுந்தாலும் நாலும் போகும். டிஸ்க் போட்டால் அழுத்தம் கூடுகிறது, பழைய குழாய்க்கு ஆபத்தும் கூடுகிறது. எனவே இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை முதலில் போடுங்கள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், டிஸ்க்கை அடுத்த போகத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

எங்கே பூட்டுவது? பழைய இடம் சேசிஸ் ஓரம், தளத்தடியில். சேறும் தண்ணீரும் அடிக்கும் இடம், கழற்ற, முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் கம்பி இடைஞ்சல், ஓயில் பார்க்கக் கால்விரிப்பைத் தூக்க வேண்டும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள ஒரு சின்ன ஜப்பான் காரின் இரட்டை மாஸ்டர் சிலிண்டரை, அதன் தொங்கு பெடலோடும் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரோடும் எஞ்சின் பக்கத் தடுப்புச் சுவரில் பூட்டுவதே எனக்குப் பிடித்த வழி. மைனரின் அந்தத் தகடு மெல்லியது, அப்படியே பூட்டினால் மிதிக்கும்போது தகடு வளையும், பெடல் பஞ்சு போல இருக்கும். இரண்டு பக்கமும் 3 மில்லிமீற்றர் தகடு வைத்து இறுக்குங்கள். கிளச் பெடல் பழைய இடத்திலேயே இருக்கும், இரண்டும் முட்டாமல் பாருங்கள். பழைய பிறேக் லைற் சுவிட்ச் ஓயில் குழாயில் இருந்தது. புதுப் பெடலுக்கு வேறு சுவிட்ச் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கீழேயே வைப்பதென்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்த இடம் கலிப்பரைவிடத் தாழ்வு. வண்டி நிற்கும்போது ஓயில் மெதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு இறங்கிவிடும், காலையில் முதல் மிதி வெறும் மிதியாகப் போகும். அதைத் தடுக்க முன் குழாயில் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அழுத்தம் பிடித்து வைக்கும் சின்ன வால்வு ஒன்று போடுவார்கள். டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டருக்குள் இதே வேலையைச் செய்யும் வால்வு ஏற்கெனவே இருக்கும், ஆனால் அது 8 முதல் 10 இறாத்தல் வரை பிடிக்கும். டிரம்முக்குள் சூவை இழுக்கும் ஸ்பிரிங் இருப்பதால் அங்கே அது சரி. கலிப்பருக்கு அப்படி ஸ்பிரிங் இல்லை. அந்த வால்வோடு டிஸ்க் போட்டால் கலிப்பருக்குள் இருக்கும் உரசு கட்டையான பாட் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே ஓடும், பத்துக் கிலோமீற்றரில் ரிம் தொட முடியாத சூடாகும். டிஸ்க் போட்டும் சரிவரவில்லை என்று என்னிடம் வந்த வண்டிகளில் கூடுதலாகக் கண்ட பிழை இதுதான்.

மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தையும் சும்மா எடுக்கக் கூடாது. 22.2 மில்லிமீற்றரில் இருந்து 19க்கு மாறினால் பரப்பு கால்பங்கு குறையும், அதே மிதிக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும், ஆனால் பெடலும் அந்தளவு ஆழம் போகும். கலிப்பர் பிஸ்டன் பெரிதானால் ஓயிலும் கூட வேண்டும். கலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் மூன்றையும் ஒரே வகை வண்டியில் இருந்து எடுத்தால் இந்தக் கணக்கைக் கொம்பனிக்காரன் ஏற்கெனவே செய்து வைத்திருப்பான்.

பூஸ்டர் வேண்டுமா என்றால், வேண்டும். டிஸ்க் தானாக இழுபடுவதில்லை, உங்கள் காலின் பலம் மட்டும்தான் அதற்கு. பூஸ்டர் எஞ்சினின் உறிஞ்சலில் வேலை செய்கிறது. இங்கேதான் நம்முடைய பழைய கதை குறுக்கே வருகிறது. போரின்போது எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய எஞ்சின்கள் இவை. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஓயிலோடு கலந்து, றிங்கையும் சிலிண்டரையும் தேய்த்துவிட்டது. அந்த வண்டிகள் எத்தனை நோயாளிகளையும் எத்தனை குடும்பங்களையும் ஏற்றிக் காப்பாற்றின என்று நமக்குத் தெரியும், தேய்ந்ததற்கு அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேய்ந்த எஞ்சினுக்கு உறிஞ்சல் குறைவு. உறிஞ்சலை அளக்கும் வக்குவம் கேஜ் ஒன்றைப் பூட்டி, வெறும் ஓட்டத்தில் பாருங்கள். பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டினால் நல்லது. அதற்கு நன்றாகக் கீழே என்றால் முதலில் எஞ்சின் வேலை, அப்புறம்தான் பூஸ்டர்.

இனி டிஸ்க். இங்கிலாந்தில் மைனருக்கு மொறிஸ் மரீனா காரின் முன் சாமான் பூட்டுவார்கள். மரீனாவின் முன் சஸ்பென்சன் மைனரில் இருந்து வந்தது, அதனால் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். போர்ட் கலிப்பர் வைத்து ஆயத்தமாகச் செய்த தொகுதிகளும் அங்கே விற்கிறார்கள். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அதை எடுப்பிப்பதுதான் நிம்மதி. எடுக்கும்போதே பாட் மூன்று சோடி, ஹோஸ் ஒரு சோடி கூடவே சொல்லுங்கள். இங்கே பாட் தேய்ந்தபிறகு கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்க வேண்டாம்.

இங்கேயே ஜப்பான் சாமானில் செய்வதென்றால் நாலு இடத்தில் கவனம் வேண்டும். மைனரின் நாலு சில்லு ஆணியும் 101.6 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கின்றன. ஜப்பான் சின்னக் கார்கள் பலவற்றுக்கு 100 அல்லது 114.3. அந்த 100 கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், பலமாக இறுக்கினால் உள்ளேயும் போகும், ஆனால் நட் சரிவாக உட்கார்ந்து ஆணி நாளடைவில் முறியும். டிஸ்க்கை லேத்தில் கொடுத்து 101.6க்கே துளையிட வேண்டும்.

கலிப்பரைத் தாங்கும் தகடு 10 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலக் குறி அடித்திருக்க வேண்டும். சில்லு அச்சில் எதையும் வெல்டிங் செய்யாதீர்கள். சூடேற்றிய இடத்தில் அந்த உருக்கு நொய்ந்துவிடும், முறிந்தால் சில்லு தனியே ஓடும். டிரம்மின் சூக்களைத் தாங்கிய பழைய பேக் பிளேட் இருந்த துளைகளிலேயே தகட்டைப் போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டியபின் டிஸ்க்கைச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் 0.1 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும்.

மூன்றாவது புரி. இங்கிலாந்துக் குழாய் நட் 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீற்றர். ஜப்பானுடையது 10 மில்லிமீற்றர். இங்கிலாந்து நட்டை ஜப்பான் கலிப்பரில் திருகினால் போகும், ஓரளவு இறுகவும் செய்யும், நீங்கள் முழுப் பலத்தோடு மிதிக்கும் அந்த ஒரு நாளில் புரி கழன்று வரும். குழாய் முனையை வெட்டி, சரியான நட் போட்டு, புதிதாக விரித்துப் பூட்டுங்கள். குழாயும் செம்பு நிக்கல் கலந்ததாக எடுங்கள். வட்டுவாகல் பாலத்தால் போய்வரும் வண்டிக்கு உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் குழாய் நின்றுபிடிக்காது.

நாலாவது சின்ன விடயம். எயார் எடுக்கும் நிப்பிள் கலிப்பரின் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறிப் பூட்டினால் அது கீழே வரும், காற்று மேலே தங்கிவிடும், நாள் முழுக்க மிதித்தாலும் பெடல் இறுகாது.

இவ்வளவுக்கும் முன்னர், மைனரின் முன் சில்லைத் தாங்கும் புரி போட்ட பின்னைப் பாருங்கள். கிறீஸ் இல்லாமல் அந்தப் புரி தேய்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் சில்லு மடிந்து வண்டி குப்புற விழும், இந்த வண்டியின் பெயர்போன வியாதி அது. பலமான பிறேக் அந்த இடத்தில் கூடுதல் பாரம் கொடுக்கும். செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கச் சொல்வேன்.

பின்னால் டிரம்மே இருக்கட்டும். கைப்பிறேக் அதில்தான் இருக்கிறது, என்னைக் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் பிக்கப் என்பது கார் மாதிரி அல்ல. வெறும் வண்டியாக வரும்போது பின்பக்கம் பாரமில்லை, அழுத்தி மிதித்தால் பின் சில்லு பூட்டி வண்டி திரும்பிவிடும். நெல் ஏற்றினால் அதே பின் பிறேக் போதாது. பின் குழாயில் கையால் திருகி அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று போட்டு, ஈரமான வெறும் வீதியில் முன் சில்லு முதலில் பூட்டும் அளவுக்கு வைத்துவிடுங்கள். பாரம் ஏற்றும்போது வேகத்தைக் குறைப்பதுதான் வழி. இந்த வண்டியைத் தொடக்கத்தில் கால் தொன் பிக்கப் என்றே விற்றார்கள், பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். நாலு நெல் மூட்டையோடு அந்தக் கால் தொன் நிறைந்துவிடும். பத்து மூட்டை அடுக்கிக்கொண்டு வருபவருக்கு எந்த டிஸ்க்காலும் உதவ முடியாது.

டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு மறைப்புத் தகடு வெட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் நம் மணலில் பாட் சீக்கிரம் தேயும். கலிப்பர் வழுக்கும் பின்னுக்கு சிலிக்கன் கிறீஸ் மட்டும் பூசுங்கள், சாதாரண கிறீஸ் அதன் இறப்பரை ஊதவைக்கும். பிறேக் ஓயில் டொட் 4 எடுத்தால் புதிதில் 230 பாகை வரை கொதிக்காது, தண்ணீர் இழுத்தபிறகு அது 155க்கு இறங்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஓயில் ஊற்றுகிற பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. ஊற்றிய வண்டி ஒன்றில் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து கலிப்பர் வரை எல்லாக் கப்பும் பிட்டு மாதிரி வீங்கிப் போயிருந்தன, ஒன்றையும் மிச்சம் எடுக்க முடியவில்லை.

எயார் எடுக்கும்போது தூரத்துச் சில்லில், அதாவது பின் இடதில் தொடங்குங்கள். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நிமிடம் பெடலை முழுப் பலத்தோடு மிதித்துப் பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, வீதிக்கு எடுக்காதீர்கள். இறங்காவிட்டால் விடிய வெள்ளன, வீதி வெறுமையாக இருக்கும்போது எடுத்துப் போய், புது பாட் டிஸ்க்கோடு படிய, 50இல் இருந்து 10 வரை பத்துத் தடவை நிதானமாகக் குறையுங்கள். இடையிடையே ஆறவிடுங்கள், முழுக்க நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டாம். திரும்பி வந்ததும் நாலு சில்லையும் கழற்றி, கலிப்பர் போல்ட் ஒவ்வொன்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பின் அச்சில் ஓடும் அந்தக் குழாயையும் விரலால் தடவிப் பாருங்கள்.